ஐஸுக்கு முன்னால் கை

கிண்டியில் கடைசிப் பந்தயம் முடிந்து கூட்டம் வாசலை நோக்கி நகரும் நேரத்தில்தான் லாயங்களில் அந்த நாளின் முக்கியமான வேலை ஆரம்பமாகும். ஓடி வந்த குதிரையின் கால்களை, அதிலும் முன்னங்கால்கள் இரண்டையும், மறுநாள் விடியும்வரை பார்த்துக்கொள்ளும் வேலை அது. அதைச் செய்கிறவர்களை மைதானத்தில் ‘சைஸ்’ என்பார்கள். ஜாக்கியின் பெயர் செய்தித்தாளில் வரும். டிரெய்னரின் பெயர் பந்தயப் புத்தகத்தில் இருக்கும். உரிமையாளர் கோப்பையோடு படம் எடுத்துக்கொள்வார். சைஸின் பெயரை வெளியே யாரும் கேட்பதில்லை. அவர்களுடைய வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று 2024-இன் தொடக்கத்தில், குளிர்காலப் பருவம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு டிரெய்னரின் அனுமதியோடு அவருடைய லாயத்துக்குப் போனேன்.

அன்று 1600 மீட்டர் ஓடிவிட்டு வந்திருந்தது ஒரு செம்பழுப்புக் குதிரை. அதைப் பார்த்துக்கொள்பவர் அறுபதை நெருங்கும் மூத்த சைஸ். லாயத்தில் எல்லோருக்கும் அவர் ‘பெரியண்ணே’. அவருடைய அப்பாவும் இதே வேலையில் இருந்தவர். கூடவே ஒரு இளைஞன், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாதவன்.

வேலையைச் சொல்வதற்கு முன் காலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பந்தயக் குதிரையின் எடை ஏறத்தாழ 450 முதல் 500 கிலோ. அது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பாயும்போது, ஒவ்வொரு பாய்ச்சலிலும் ஒரு கணம் மொத்த உடம்பும் ஒற்றை முன்னங்காலின் மேல் நிற்கிறது. அந்தக் கணத்தில் அந்தக் கால் தாங்குவது குதிரையின் எடையைப்போல இரண்டரை மடங்கு. அதாவது ஒரு டன்னுக்கும் மேல். தாங்குகிற இடத்திலோ சதையே கிடையாது. குதிரைக்கு முன்னங்கால் முட்டிக்குக் கீழே எலும்பு, தசைநாண், தசைநார், தோல், அவ்வளவுதான். காலின் பின்பக்கம் ஓடும் தசைநாணை, லாயத்தில் சொல்வதுபோல் ‘டெண்டன்’ என்றே சொல்கிறேன், குதிரை பாயும்போது இழுத்து இழுத்து விடுகிறது. அப்படி இழுபட்டுத் திரும்புவதால்தான் குறைந்த உழைப்பில் அவ்வளவு வேகம் கிடைக்கிறது. ஆனால் முழுப் பாய்ச்சலில் அந்த டெண்டன் அறுந்துபோகும் எல்லைக்கு மிக அருகில் வேலை செய்கிறது. அதன் நடுப்பகுதி 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது என்று 1994-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. ரத்த ஓட்டம் குறைவான இடம் என்பதால் சூடு சீக்கிரம் தணியாது. புண்பட்டால் சீக்கிரம் ஆறவும் ஆறாது. டெண்டன் இழைகள் கிழிந்த குதிரை மறுபடி ஓட ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று ஆகும். ஆறிய பிறகும் அந்த இடத்தில் பழைய இழை வராது, தழும்புத் திசுதான் வரும். அதே இடத்தில் மீண்டும் கிழியும் அபாயம் கடைசிவரை தொடரும்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துவிட்டுப் போயிருந்தேன். பெரியண்ணே இதில் ஒன்றையும் படித்தவர் அல்ல. எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யாமல் காத்திருக்க வேண்டும் என்ற வரிசை மட்டும் அவரிடம் பிசகவே இல்லை.

முதல் அரைமணி நேரத்துக்கு மேல் நடைதான். சேணம் இறக்கி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, வழித்து, குதிரையை வட்டமாக நடத்திக்கொண்டே இருந்தார்கள். இடையிடையே குடிக்கத் தண்ணீர். ஓடி வந்த குதிரையைச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. குளம்பு தரையில் பதிந்து எழும் ஒவ்வொரு முறையும் கீழ்க்காலில் இருக்கும் ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. நடை நின்றால் அதுவும் நிற்கும். கால் நீர் கோத்துக்கொள்ளும். மூச்சு சீரானதும் நான்கு குளம்புகளையும் தூக்கி, மண்ணைக் குத்தியெடுத்து, பந்தயத்துக்கு அடித்த அலுமினிய லாடம் நகர்ந்திருக்கிறதா, ஆணி தளர்ந்திருக்கிறதா என்று இளைஞன் பார்த்தான்.

பக்கத்தில் வாளி நிறைய ஐஸ் தயாராக இருந்தது. அவன் அதை எடுக்கப் போனபோது பெரியண்ணே தடுத்தார்.

“இரு தம்பி. முதல்ல கை, அப்புறம்தான் ஐஸ்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஐஸ் வெச்சுட்டுத் தொட்டா எல்லாக் காலும் ஜில்லுன்னுதான் சார் இருக்கும். எது சூடா இருந்துச்சுன்னு அப்புறம் யாரைக் கேக்குறது?”

குதிரையின் தோள் பக்கமாகக் குந்தினார். நேர் எதிரிலும் உட்காரவில்லை, தரையில் முட்டி போடவும் இல்லை. குதிரை துள்ளினால் உடனே எழுந்து விலக வேண்டும். விரல்களின் பின்புறத்தை இடது முன்னங்காலின் பின்பக்கத்தில் வைத்து, முட்டியிலிருந்து கணு வரை மெதுவாக இறக்கினார். பிறகு வலது காலில் அதே மாதிரி. மறுபடி இடது கால். சூட்டை அவர் தனியாக மதிப்பிடவில்லை, ஒரு காலை இன்னொரு காலோடு ஒப்பிட்டார். அப்புறம் இடது காலைத் தூக்கி மடக்கித் தன் தொடையில் சாய்த்துக்கொண்டார். எடை இல்லாத காலில் டெண்டன் தளர்ந்து நிற்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அதைப் பிடித்து, அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே கீழே போனார். அவருடைய கண் காலில் இல்லை. குதிரையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலித்தால் முதலில் காதுதான் காட்டிக்கொடுக்குமாம்.

கணுவுக்கு மேலே ஓரிடத்தில் விரல் நின்றது. என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒரு சின்ன முடிச்சு என் விரலுக்கும் தட்டுப்பட்டது. பயந்துபோய் அவரைப் பார்த்தேன்.

“அது பழசு சார். ரெண்டு வருஷமா இருக்கு. சூடில்ல, வலியில்ல. கவலையில்ல.” விரலை இன்னும் சற்று மேலே நகர்த்தினார். “இங்க பாருங்க. இது நேத்து இல்ல.”

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வீக்கம் இல்லை, காயம் இல்லை. தோலில் மிக லேசான ஒரு வெதுவெதுப்பு இருப்பதாக அவர் சொல்கிறார். என் கையில் அது வரவே இல்லை. அந்த இடத்தை முடியிலேயே ஓர் அடையாளம் போட்டு வைத்துவிட்டு, டிரெய்னருக்குப் போன் செய்து சொன்னார். அதன் பிறகுதான் ஐஸைக் கொண்டுவரச் சொன்னார்.

ஐஸ் வைப்பதற்கும் அளவு உண்டு. முட்டிக்குக் கீழே காலைச் சுற்றி உறைபோல் மாட்டும் ரப்பர் பையில் ஐஸும் தண்ணீரும் கலந்து நிரப்பினார்கள். வெறும் ஐஸ் தோலில் அங்கங்கேதான் படும், தண்ணீர் கலந்தால் கால் முழுக்கப் படும். சுமார் இருபது நிமிடம். டெண்டனில் தேங்கிய சூடு இறங்குகிறது, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, வீக்கத்துக்கு வழி அடைபடுகிறது. அந்த இருபது நிமிடமும் இளைஞன் குதிரையின் தலைக்கயிற்றைப் பிடித்தபடி நின்றான். பெரியண்ணே கழுத்தில் மாலிஷ் செய்துகொண்டிருந்தார்.

பிறகு காலைத் துடைத்து, கயோலின் களிமண் மருந்தை முட்டிக்குக் கீழிருந்து கணு வரை விரலளவு தடிப்பில் அப்பினார்கள். அதன் மேல் நனைத்த தாள், அதன் மேல் தடித்த பஞ்சு, அதற்கும் மேல் பேண்டேஜ். மண் இரவு முழுவதும் ஈரம் விட்டுவிட்டு மெல்லக் காலைக் குளிர்விக்கும். விடிந்து பிரிக்கும்போது காய்ந்த மருதாணிபோல் உதிர்ந்துவிடும்.

கட்டுப் போடுவதில்தான் இளைஞனுக்குப் பாடம் நடந்தது. இடது முன்னங்காலுக்கு அவன் போட்ட கட்டு என் கண்ணுக்கு நேர்த்தியாகவே இருந்தது. பெரியண்ணே அதன் மேல் ஒருமுறை உள்ளங்கையை ஓட்டினார். ஒன்றும் பேசாமல் முடிச்சை அவிழ்த்தார். பஞ்சு ஓரிடத்தில் மடிந்திருந்தது. அந்த மடிப்பு இரவெல்லாம் டெண்டனை அழுத்தினால், பந்தயத்தில் வராத வீக்கம் கட்டால் வரும். பஞ்சை நீவிப் பரப்பி மறுபடி சுற்றச் சொன்னார். துணி காலின் முன்பக்கமாக வெளியே வந்து, பின்பக்கமாக உள்ளே திரும்ப வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூட வேண்டும். இழுப்பதானால் எலும்பின் மேல் வரும்போது இழுக்கலாம், டெண்டன் மேல் இழுக்கக் கூடாது. முடிச்சு வெளிப்பக்கம் வர வேண்டும். கடைசியில் மேல் விளிம்பில் ஒரு விரல் சிரமமில்லாமல் நுழைய வேண்டும். அடுத்த காலுக்கும் இதே கட்டு. வலிக்கிற காலுக்கு ஓய்வு கொடுக்கக் குதிரை தன் எடையை மற்ற கால் மேல் போடும் என்பதால், கட்டு எப்போதும் ஜோடியாகத்தான்.

மறுநாள் விடிகாலை நாலரை மணிக்கு மறுபடி போனேன். எனக்கு முன்பே பெரியண்ணே கட்டைப் பிரித்து, மண்ணைக் கழுவி முடித்திருந்தார். கால்கள் இரண்டும் உருவிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தன. நான் அதைச் சொன்னதும் தலையை ஆட்டி மறுத்தார்.

“கட்டு பிரிச்ச ஒடனே எல்லாக் காலும் இப்படித்தான் சார் இருக்கும். அது கட்டு குடுத்த அழகு. ஒரு மணி நேரம் சும்மா விடணும். அதுக்கப்புறம் தெரியுறதுதான் கால்.”

நான் அங்கே கற்ற முக்கியமான விஷயம் இதுதான். குதிரையின் காலுக்குச் செய்கிற ஒவ்வொரு நல்ல காரியமும் கூடவே ஏதோ ஒன்றை மறைக்கிறது. ஐஸ் சூட்டை மறைக்கிறது. கட்டு வீக்கத்தை மறைக்கிறது. வலி மருந்து நொண்டலை மறைக்கிறது. பந்தய நாளில் குதிரை உடம்பில் அந்த மருந்து இருக்கக் கூடாது என்று சட்டமே வைத்து ரத்தமும் சிறுநீரும் சோதிப்பது, பந்தயம் நேர்மையாக நடப்பதற்காக மட்டும் அல்ல. வலி தெரியாத குதிரை கிழிந்த காலோடு முழு வேகத்தில் ஓடும். எலும்பு முறிந்து விழுந்தால் மேலே இருக்கும் ஜாக்கியின் உயிரும் அதோடு போகலாம். ஆகவே தேர்ந்த சைஸுக்கு வைத்தியம் தெரிந்தால் போதாது. எப்போது வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் காலைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

முன்னொரு காலத்தில் இதற்கு நேர்மாறான நம்பிக்கை இருந்தது. நம் ஊரில் மாட்டுக்குச் சூடு போடுவதுபோல, டெண்டன் போன குதிரைக்கும் காலில் வரிசையாகச் சூடு போடுவார்கள். அப்படிப் புள்ளி புள்ளியாய்த் தழும்பேறிய கால்களைப் பெரியண்ணே சிறு வயதில் பார்த்திருக்கிறார். சூட்டால் டெண்டன் பலப்படுவதில்லை. வலியில் குதிரை மாதக்கணக்கில் நிற்கிறது, அந்த ஓய்வில் ஆறுகிறது. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் வெட்டரினரி சர்ஜன்ஸ் 1991-இல் இந்த முறையை அறத்துக்கு ஒவ்வாதது என்று அறிவித்தது. வேலை செய்தது ஓய்வுதான் என்றால் சூடு எதற்கு?

அன்று காலை, ஒரு மணி நேரம் கழித்துப் பெரியண்ணே மறுபடி கை வைத்தார். அந்த வெதுவெதுப்பு போகவில்லை. டிரெய்னர் வந்தார், தானும் தொட்டுப் பார்த்தார். சிமெண்ட் பாதையில் குதிரையை மெதுவோட்டம் விடச் சொன்னார். முன்னங்காலில் வலி இருக்கும் குதிரை அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தாழ்த்தும். தலை ஆடவில்லை. குதிரை நொண்டவில்லை. ஆனாலும் அந்த வாரப் பயிற்சி ஓட்டத்தை அவர் ரத்து செய்தார். கையில் பிடித்து நடத்தும் நடை மட்டும். ஸ்கேன் சில நாள் கழித்து. டெண்டன் காயம் முதல் சில நாட்களில் முழுசாகத் தெரியாது, அவசரப்பட்டு எடுத்தால் ஒன்றுமில்லை என்று ஏமாற்றும்.

ஸ்கேனில் டெண்டன் பழுதில்லாமல் இருந்தது. பாய்ச்சலில் பின்குளம்பு முன்னங்காலின் பின்புறத்தில் லேசாக இடித்திருக்கிறது, தோலுக்கு அடியில் ஒரு சிறு கன்றல், அவ்வளவுதான் என்றார் கால்நடை மருத்துவர். அந்த வாரம் வீண் என்று லாயத்தில் ஒருவரும் சொல்லவில்லை. கன்றலா கிழிசலா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாதபோது, சந்தேகத்தின் பலனைக் காலுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு வார நஷ்டத்தை ஏற்கத் தயங்கி ஒரு வருடத்தை, சில சமயம் குதிரையையே இழந்த கதைகள் அவர்கள் எல்லோரிடமும் இருக்கின்றன.

மருத்துவரிடம் ஸ்கேன் கருவி இருந்தது. எந்த இடத்தில் வைத்துப் பார்ப்பது என்று காட்டியது பெரியண்ணேயின் கை. இரண்டு வருடமாகத் தினமும் அந்தக் காலைத் தொட்ட கை அது. பழைய முடிச்சையும் புதிய வெதுவெதுப்பையும் பிரித்தறிய வேறு வழி கிடையாது. சைஸ் மாறினால் அந்த அறிவும் போய்விடும். புதிதாக வருகிறவருக்குப் பழசும் புதுசும் ஒன்றுதான். ஆனால் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து, உதைபட்டு, கடிபட்டு, இரண்டு மூன்று குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் இந்த வேலையில் நிலைத்திருக்கக் காரணங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. 2024 செப்டம்பரில் குத்தகை விவகாரத்தில் கிண்டி மைதானத்துக்கு அரசு சீல் வைத்தது. அந்த நிலம் யாருக்கு என்பதை அரசும் நீதிமன்றமும் முடிவு செய்யட்டும். பந்தயமே வேண்டாம் என்கிறவர்களின் வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் குதிரை பந்தயத்தில் ஓடினாலும், காவல் துறையில் நின்றாலும், சவாரிப் பள்ளியில் பிள்ளைகளைச் சுமந்தாலும் அதன் கால் அதே கால்தான். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும்.

அந்த அறிவு சைஸோடு போய்விடாமல் இருக்க, ஒவ்வொரு குதிரைக்கும் கால் பதிவேடு ஒன்றைத் தமிழில் வைக்கலாம். என்ன தேதி, எந்தக் கால், கைக்கு என்ன பட்டது, தொட்டவர் யார். எழுதத் தெரியாதவர் சொல்ல, இன்னொருவர் எழுதலாம். மருத்துவர் வரும்போது முதல் கேள்வியை சைஸிடம் கேட்கலாம். இளைஞர்களைப் பெரியவர்களோடு ஒரே குதிரையில் குறைந்தது இரண்டு பருவம் சேர்த்து நிறுத்தலாம். இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், அதில் சைஸின் பெயரை எழுதும் மனமும் போதும்.