தோலுக்கு ஒரு தையல் இயந்திரம்

தையல் இயந்திரம் யாழ்ப்பாணத்து வீடுகளிலே நெடுங்காலமாக ஒரு கௌரவப் பொருளாக இருந்து வந்திருக்கிறது. சிங்கர் நிறுவனம் 1877 ஆம் ஆண்டிலேயே இலங்கையிற் கால்வைத்துவிட்டது. பின்னர் சீதனப் பொருள்களோடு அவ்வியந்திரமும் வண்டியேறியது. முன்விறாந்தையிலே யாவரும் காணும்படி அதனை வைத்து மிதித்த பெண்ணை எவரும் இழிவாக நோக்கியதில்லை. ஆனால் அதே ஊசி துணியை விட்டுத் தோலில் இறங்கினால் ஊரார் பார்வை வேறாகிவிடுகிறது. 1957 ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. அது பொது இடங்களைப் பற்றிப் பேசியது. ஒரு வீட்டு விறாந்தையில் எந்த இயந்திரம் இருப்பது அழகு என்பதைப் பற்றிச் சட்டம் என்ன பேசிவிட முடியும்?

எம்மிடம் உயர்தர வகுப்பிலே தமிழ் படித்த இளைஞர் ஒருவர் அண்மையில் எம்மைத் தேடி வந்தார். தந்தையார் பட்டினத்து நடைபாதையிற் செருப்புத் தைப்பவர். மகனுக்குத் தோற்பைகளும் பணப்பைகளும் இடுப்புப் பட்டிகளும் செய்ய ஆசை. அதற்கு ஓர் இயந்திரம் வேண்டும். தாயாரோ, "மெசின் வாங்கு மோனை, ஆனால் உடுப்புத் தை. வாறவைக்குச் சொல்ல நல்லாயிருக்கும்" என்கிறாராம். அந்தத் தாயை நாம் குறைகூற மாட்டோம். அவர் பட்டது அவருக்குத் தெரியும்.

எமது நண்பர்களிலேயே சிலர் முகஞ்சுளித்தனர். குலத்தொழிலை விடச் செய்வதல்லவா முற்போக்கு, படித்த பிள்ளையை மறுபடியும் தோலண்டை அனுப்புவதா என்பது அவர்கள் வாதம். தோல் தைத்த கையின் திறமையிலே குற்றம் எதுவும் இல்லை. அந்தக் கையை அத்தொழிலோடு கட்டிப்போட்டதிலும், கட்டிய பின் அதனைத் தீண்டாமல் விலகி நின்றதிலுமே குற்றம் இருக்கிறது. கொழும்புக் கடையின் கண்ணாடிப் பெட்டியில் ஏறியதும் தோற்பை கலைப்பொருளாகிவிடுகிறது. அதைச் செய்யத் தெரிந்தவர் மட்டும் வெட்கி அதனைக் கைவிட வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

நன்னூல் தெரிந்தவருக்கு இயந்திரம் தெரியும் என்று அந்த இளைஞர் எண்ணியது ஆசிரியர்மேல் வைத்த அன்பினாலேதான். தந்தையாரும் வரட்டும் என்றோம். அவர் ஒரு பழைய சாக்குப்பையில் தோல்துண்டுகள் சிலவற்றை எடுத்து வந்தார். அன்றைய கல்வி அந்தப் பைக்குள்ளே இருந்தது.

முதலில் ஏறிய கடையிலே ஆடைத் தொழிற்சாலைகளில் ஓடும் வெண்ணிற இயந்திரம் ஒன்றைக் காட்டினார்கள். நிமிடத்துக்கு ஐயாயிரம் தையல் என்றார் விற்பனையாளர். தவணையிலும் தரலாம் என்றார். தந்தையார் இரண்டு தோல்துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நீட்டினார். இயந்திரம் பாய்ந்தது. ஒரு சாண் தைத்து முடிவதற்குள் கீழ்த்தோல் முன்னே போய்விட்டது. மேல்தோல் பின்தங்கிச் சுருங்கிற்று. அடிப்புறத்திலே பற்களின் தழும்பு வரிவரியாகக் கிடந்தது.

காரணம் விளங்குவது கடினமன்று. துணி தைக்கும் இயந்திரத்திலே கீழுள்ள பற்கள் மாத்திரமே துணியை நகர்த்துகின்றன. மேலிருக்கும் பாதம் சும்மா அழுத்திக்கொண்டு நிற்கிறது. துணி அதன்கீழ் வழுக்கிப் போகும். தோல் வழுக்காது, ஒட்டிக்கொள்ளும். ஆகையால் தோலுக்கென்று அமைந்த இயந்திரங்களிலே பாதமும் எழுந்து எழுந்து நடக்கிறது. அவற்றிற் சிறந்தவற்றிலே ஊசியும் தோலிற் குத்தி நின்றபடியே கூட நகர்கிறது. வேகமும் இங்கே உதவாது. "துணி பிழைச்சால் பிரிச்சுத் தைக்கலாம், மாஸ்ரர். தோலிலை விழுந்த ஓட்டை விழுந்ததுதான்" என்றார் தந்தையார். ஒவ்வொரு தையலாக ஊசியை இறக்கக்கூடிய இயந்திரமே தோலுக்கு ஏற்றது. தையல்கள் மிக நெருங்கினால் தபால் முத்திரை கிழிவதுபோலத் தோல் அந்த வரிசையிலேயே கிழியும். மூன்று நான்கு மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். ஊசிமுனையும் துணி ஊசியைப் போல இழைகளை விலக்கிச் செல்லாது, தோலை வெட்டிச் செல்ல வேண்டும். தடித்த நைலோன் நூல் வீட்டு இயந்திரத்தின் ஊசிக்காதுக்குள் நுழையவே நுழையாது.

நடக்கும் பாதமுடைய இயந்திரம் வேறொரு கடையில் இருந்தது. இளைஞரின் கண் அதன்மேலேயே நின்றது. 2022 ஆம் ஆண்டிலே ரூபா வீழ்ந்தபின் இறக்குமதிப் பொருள்களின் விலை எங்கே போனதென்று யாவரும் அறிவர். கடன் எடுக்கலாமா என்று எம்மைக் கேட்டார். வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரருக்கு அஞ்சிக் கதவடைத்திருந்த தாய்மாரை வடக்கிலே நாம் கண்டிருக்கிறோம். பை ஒன்றேனும் விற்குமுன்னரே தவணை தொடங்கிவிடும். வேண்டாம் என்றோம், கண்டிப்பாகவே சொன்னோம்.

மூன்றாவதாகப் பார்த்தது பழைய இயந்திரங்களைத் திருத்தி விற்பவரின் கொட்டிலிலே கிடந்த செருப்புத் தைக்கும் இயந்திரம். சிங்கர் 29கே வகையைச் சேர்ந்தது. பலகை போன்ற தளம் அதற்கில்லை. நீண்டு மெலிந்த ஒரு கை மட்டும் நீட்டி நிற்கும். அந்தக் கையைச் சப்பாத்தின் உட்புறத்துக்குள்ளும் தைத்து முடிந்த பையின் மூலைக்குள்ளும் செலுத்தலாம். தோலைத் திருப்ப வேண்டியதில்லை. பாதத்தையே எத்திசைக்கும் சுழற்றித் தைக்கலாம். குறைகளும் உண்டு. பொபின் மிகச் சிறியது; நூல் அடிக்கடி தீரும். நீண்ட நேர்த்தையலில் வரிசை சற்றே கோணும்.

இளைஞர் அதனை விரும்பவில்லை. அப்பாவின் மெசின் போலிருக்கிறது என்று முணுமுணுத்தார். எமது எண்ணம் வேறாயிருந்தது. புதுப்பைக்கு ஆள் தேடி அலையும் மாதங்களிலும் அறுந்த செருப்பும் பள்ளிக்கூடப் பையின் கிழிந்த வாரும் நாள்தோறும் வரும். முதல் நாளிலிருந்தே இயந்திரம் சோறு போடும். பாரம் தாங்க வேண்டிய வார்களைத் தந்தையார் இரண்டு ஊசி கொண்டு கையாலே தைத்துவிடுவார். அத்தையலில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். இயந்திரத் தையல் அறுந்தால் மளமளவென்று தளர்ந்துவிடும். கைத்தையல் பழமை, இயந்திரம் புதுமை என்று பள்ளியிலே நாம் எளிதாகக் கற்பிக்கும் பாடத்தை அந்த மனிதர் அங்கே மௌனமாகத் திருத்தினார்.

1867 ஆம் ஆண்டிலே வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்திலே தையல் இயந்திரத்தைப் பற்றி மார்க்ஸ் விரிவாக எழுதியிருக்கிறார். செருப்புத் தொழிலையும் அது பற்றிக்கொண்டதைச் சொல்கிறார். புதிய இயந்திரங்கள் வர வரப் பழையவை விலையிழந்து பெருமுதலாளிகளிடமே குவிந்ததையும் சொல்கிறார். இங்கே ஒரு பழைய இயந்திரம் அந்த வழியே போகாமல் தந்தைக்கும் மகனுக்கும் கிடைத்தது. தந்தையார் சேர்த்து வைத்திருந்த பணம் விலைக்குப் போதுமாயிருந்தது. ஊசிக்கும் நூலுக்கும் நாம் சிறிது கொடுத்தோம்.

மூன்று மாதங்களாயிற்று. இளைஞர் பணப்பைகள் செய்கிறார். இரண்டு ஆசிரியர்கள் வாங்கியிருக்கிறார்கள். நடக்கும் பாதமுடைய இயந்திரத்துக்கென ஒரு தகர டப்பாவிலே காசு சேர்க்கிறார். இயந்திரம் முன்விறாந்தையில் இல்லை. குசினியை ஒட்டிய சாய்ப்பிலே இருக்கிறது. தாயார் அவ்வளவுக்குத்தான் சம்மதித்தார். மாரியிலே அங்கு சாரல் அடிக்கிறது. துருப்பிடியாமலிருக்க எண்ணெய் பூசிச் சாக்கினால் மூடி வைக்கிறார்கள்.