சூடாகும் உலகில் குளிர்

பூமி சூடாகிறது என்று கூட்டங்களிலும் வானொலியிலும் அடிக்கடி கேட்கிறோம். கனடாவில் இருக்கும் என் அக்காவிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். "இஞ்ச கதவு திறக்கேலாமல் சினோ கொட்டிக் கிடக்கு, எங்கையடி சூடு?" என்பார். எங்கள் பட்டி மாடுகள் குளிரில் செத்த நாளிலிருந்து எனக்கும் அந்தக் கேள்வி உண்டு.

2022 டிசம்பரில் வங்காள விரிகுடாவில் மாண்டஸ் சூறாவளி உருவானது. அது எமது கரையில் ஏறவில்லை. கிழக்கே கடலில் நகர்ந்து, 9ஆம் திகதி இரவு தமிழ்நாட்டின் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. போகிற போக்கில் வடக்கே இருந்து குளிர்காற்றை எம் பக்கம் இழுத்துவிட்டது. வன்னியில் மழையும் வாடையும் ஓயவில்லை. விடிந்து பார்த்தால் வெளிகளிலும் வீதியோரங்களிலும் மாடுகள் விறைத்துக் கிடந்தன. வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் அதிகமான மாடுகளும் ஆடுகளும் இறந்தன. ஏதோ தொற்றுநோய் என்று கதை பரவியது. இரு மாகாணங்களிலிருந்தும் இறைச்சி கொண்டுசெல்வதைத் தடை செய்தார்கள். பரிசோதித்த பின்னர்தான், நோய் அல்ல, குளிர்தான் காரணம் என்றார்கள்.

என்னிடம் நின்றவற்றில் ஒரு கறவைப் பசுவும் அதன் கன்றும் போயின. மீள்குடியேறியபோது வாழ்வாதார உதவியாகக் கிடைத்த பசுவின் வழியில் வந்தவை. ஆண் துணை இல்லாத வீட்டில் காலைப் பால்தான் கொப்பி, பஸ் காசு, மண்ணெண்ணெய் எல்லாம். இதை வாசிக்கும் சகோதரிகள் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நுவரெலியாவில் இதைவிடக் குளிர். அங்கே மாடுகள் வாழ்கின்றனவே என்று மிருக வைத்தியரிடம் கேட்டேன். அங்குள்ளவை குளிர்நாட்டு இனங்கள், கொட்டிலில் நிற்பவை, வயிறு நிறையத் தின்பவை என்றார். எங்களுடையவை வெயிலுக்குப் பழகியவை, இரவில் திறந்த பட்டியில் படுப்பவை. நனைந்த தோலில் காற்று அடித்தால் உடற்சூடு மளமளவென்று இறங்கும். மாட்டின் வயிற்றில் வைக்கோல் புளித்துச் செமிக்கும்போது சூடு பிறக்குமாம். அன்று மேய்ச்சல் தரையெல்லாம் வெள்ளம், மாடுகள் பட்டினி. அடுப்பு இருந்தும் விறகு இல்லாத நிலை. பொருளாதார நெருக்கடியில் தவிடும் புண்ணாக்கும் கைக்கெட்டாத விலையில் இருந்த வருடம் வேறு.

இனி அக்காவின் கேள்விக்கு வருவோம். வடமுனைப் பகுதி உலகின் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடாகி வருகிறது. குளிர்காலத்தில் அந்த முனைக்கு மேலே கடுங்குளிர் காற்று வளையமாகச் சுழலும். முனை சூடாகும்போது வளையம் தளர்ந்து, குளிர் தெற்கே சரிந்து விழுகிறது என்று விஞ்ஞானிகள் ஒரு சாரார் கூறுகின்றனர். மறுசாரார் இதை ஏற்பதில்லை. மொத்தத்தில் குளிர்காலங்கள் மிதமாகித்தான் வருகின்றன என்பதில் இரு சாராருக்கும் பேதமில்லை. ஆனாலும் இடையிடையே கடுங்குளிர் வரத்தான் செய்யும். 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அப்படி ஒரு குளிர் வந்தது. வெயிலுக்குப் பழகிய ஊர். மின்சாரம் நின்றது, தண்ணீர்க் குழாய்கள் வெடித்தன, 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பணக்கார நாட்டிலும், ஆயத்தமில்லாத இடத்தில்தான் குளிர் கொன்றது.

எங்கள் குளிருக்குக் காரணம் அந்த வளையம் அல்ல, சூறாவளி. அந்த ஒரு சூறாவளிக்குப் பூமி சூடானதுதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் கடல் சூடேறினால் சூறாவளிகளுக்குப் பலமும் மழையும் கூடும் என்பது தெரிந்த விடயம். சூடாதல் என்ற சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டு இருந்தால் வெயிலுக்குத்தான் நிழல் தேடுவோம்.

இப்போது ஐப்பசி பிறந்தவுடன் கொட்டிலின் வாடைப் பக்கத்தைத் தறப்பாளால் மறைத்து, அடியில் கிடுகு கட்டுகிறேன். ஒரு கட்டு வைக்கோலை நனையாமல் பரணில் வைக்கிறேன். பிறந்த கன்றைச் சாக்கால் துடைத்து, ஈரம் இல்லாத இடத்தில் விடுகிறேன். பெரிய செலவில்லை. தறப்பாள் எங்களுக்குப் புதிய பொருளும் இல்லை.

தாழமுக்கம் என்றால் கடலுக்குப் போகவேண்டாம் என்று மீனவர்களுக்கு அறிவிக்கிறார்கள். மாடுகளைக் கொட்டிலில் கட்டுங்கள், தீனி போடுங்கள் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? மாதர் சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.