அடிக்கு எவ்வளவு?

மனை வாங்கியவர்கள் வேலி போடும் ஒப்பந்தக்காரரிடம் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். பலர் ஏமாறுவதும் இங்கேதான்.

மற்றவரைவிட ஒருவர் நன்றாகக் குறைத்துச் சொன்னால், அநேகமாகக் கம்பியில் கைவைத்திருப்பார். கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 10 கேஜ் கம்பி ஏறத்தாழ 3.25 மி.மீ.; 12 கேஜ் 2.64 மி.மீ. பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் முதலாவதில் இரும்பு ஒன்றரை மடங்கு! ஒரு வெர்னியர் காலிப்பர் வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நல்ல ஒப்பந்தக்காரர் விலை சொல்லும் முன் தானே கேள்வி கேட்பார். சர்வேயர் அளந்து கல் நட்டாயிற்றா? பட்டா, புலப்படம் கையில் இருக்கிறதா? மண் கரிசலா, செம்மண்ணா? கரிசல் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். ஆழமில்லாத தூண் அதில் சாயும். மூலைத் தூணுக்கு முட்டுக்கால் கொடுக்காவிட்டால், கம்பியை இழுத்துக் கட்டும்போதே அது உள்பக்கம் சரியும். பக்கத்து மனைக்காரரைக் கூப்பிட்டு, நூல் கட்டிக் காட்டிய பிறகு குழி தோண்டுபவரை நம்பலாம்.

முன்பணம் கொடுக்கும் முன் கேஜ், தூண் இடைவெளி, குழி ஆழம், கான்கிரீட் கலவை நான்கையும் எழுதி வாங்குங்கள். அவர் சில ஆண்டுகளுக்கு முன் போட்ட வேலி ஒன்றையாவது நேரில் போய்ப் பாருங்கள்.