லேஞ்சி போட்டுப் பிடிச்ச சீட்

எங்கட வீட்டில் பாற்பல்லுக்கு மரியாதை இல்லை. சூத்தை விழுந்தால், "விழப்போற பல்லுதானே, புடுங்கிவிடு" என்பதுதான் அம்மம்மாவின் தீர்ப்பு. ஆறு வயதில் எனக்கும் அப்படித்தான் மேல்வாயில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கடைவாய்ப் பாற்பல் போனது. இப்போது என் மேல் வேட்டைப்பற்கள் இரண்டும் வரிசைக்கு வெளியே, முரசில் உயர ஏறி நிற்கின்றன.

இதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். "விரல் சூப்பியிருப்பாய்", "நாக்கால தள்ளியிருப்பாய்." விரல் சூப்பினால் முன்பல் மிதக்கலாம், அது உண்மைதான். ஆனால் பல் நெருக்கம் பெரும்பாலும் இடக் கணக்கு. தாடை சிறிசாகவும் பல் பெரிசாகவும் பரம்பரையில் வந்தால் நெருங்கத்தான் செய்யும். இரண்டாவது காரணம், பாற்பல்லை நேரத்துக்கு முந்தி இழப்பது.

பாற்பல்லின் வேலை சப்புவது மட்டுமில்லை. பஸ்ஸில் லேஞ்சி போட்டு சீட் பிடிக்கிற மாதிரி, அடியில் வளர்கிற பல்லுக்கு அது இடம் பிடித்து வைத்திருக்கிறது. கடைவாய்ப் பாற்பல் 10, 12 வயதுவரைக்கும் அங்கே இருக்கவேணும். முந்திப் போனால், ஆறு வயதளவில் முளைக்கிற நிரந்தரக் கடைவாய்ப்பல் முன்னுக்கு நகர்ந்துவிடும். மேல் வேட்டைப்பல் வருவதே 11, 12 வயதில்தான். அது வந்து பார்க்கும்போது சீட் இல்லை.

இதையெல்லாம் பல் வைத்தியர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். போன மாதம் அக்காவின் ஏழு வயது மகளுக்குக் கடைவாய்ப் பாற்பல்லில் சூத்தை. அக்கா புடுங்கத்தான் நினைத்தாள். நான் விடவில்லை. கூட்டிக்கொண்டு போய் அடைப்பித்தோம். புடுங்கியே ஆகவேண்டி வந்தாலும், அந்த இடைவெளியைக் காப்பாற்ற ஒரு சின்னக் கம்பி வைக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

எனக்கு அந்த வயது போய்விட்டது. நான்கு முன்கடைவாய்ப்பற்களைக் கழற்றிவிட்டுக் கம்பி போடவேணும் என்றார் வைத்தியர். நல்ல பல்லைப் புடுங்குவதா என்று நெஞ்சு திக்கென்றது. ஆனால் கணக்கு விளங்கியது. ஒரு பல் ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் அகலம், இரண்டு போனால் அந்த வரிசைக்கு 14 மில்லிமீற்றர். கம்பி மெதுவாக அழுத்த, அழுத்தம் படுகிற பக்கம் எலும்பு கரையும், மற்றப் பக்கம் புது எலும்பு வளரும். பல் எலும்புக்குள்ளாலேயே நகருது. அதனால்தான் ஒன்றரை, இரண்டு வருடம் எடுக்கும். முடிந்த பிறகும் ரிட்டெய்னர் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும்.

தனியாரில் செய்ய எங்களிடம் காசில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியின் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்திருக்கிறேன். "நல்லது, கலியாணத்துக்கு முதல் முடிச்சிடு" என்கிறார் பெரியம்மா. லேசான நெருக்கம் நோயில்லை. ஒழுங்காகத் துலக்க முடிந்தால் அப்படியே விடலாம். எனக்குக் கீழ்ப்பற்களுக்கிடையில் பிரஷ் போகாது, முரசால் இரத்தம் வருது. அதுக்காகத்தான் செய்கிறேன். மற்றபடி பெட்ச் போட்டோவில் அந்த இரண்டு பல்லும் தெரியத்தான் சிரித்து நிற்கிறேன்.