வாய் ஒட்டப்பட்ட சிலந்தி

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகுதான் எங்கள் சண்டிலிப்பாயில் வழுக்கையாறு ஆறாகத் தெரியும். மற்றக் காலங்களில் அது மாடு மேயும் வெறும் பள்ளம். தண்ணீர் நிற்கும் அந்தச் சில மாதங்களில் வயல்வெளியெங்கும் தும்பிகள் பறக்கும். எங்கள் பிள்ளைகளுக்குத் தும்பியைப் பிடிக்கவும் தெரியும், வாலில் நூல் கட்டிக் கல் தூக்கவைக்கவும் தெரியும். ஆனால் சிறகு வருமுன் அது தண்ணீருக்கடியில் குடம்பியாக வாழ்ந்தது என்பது பலருக்குப் புதினம். அந்தக் குடம்பி நுளம்பின் குடம்பியைத் தின்னும். அதை மீன் தின்னும்.

வகுப்பில் இந்த இடம் வரும்போது ஓர் ஆராய்ச்சியைச் சொல்வது என் வழக்கம். கனடாவின் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் செய்யப்பட்டு 2011இல் வெளிவந்தது அது. தும்பிக் குடம்பிகளையும் அவற்றின் எதிரிகளையும் ஒரே தொட்டியில் விட்டு நடுவே தடுப்பு வைத்தார்கள். குடம்பிக்கு எதிரி தெரியும், அதன் மணமும் தெரியும். எதிரியால் குடம்பியைத் தொட முடியாது. அப்படியிருந்தும், தனியே வளர்ந்தவற்றோடு ஒப்பிட்டால் இவற்றில் உயிர் பிழைத்தவை 2.5 முதல் 4.3 மடங்கு குறைவு. இன்னொரு பரிசோதனையில், மீனைக் கண்டு வளர்ந்த குடம்பிகளில் 11 வீதம் தும்பியாக மாறும் வேளையிலேயே இறந்தன. மீன் இல்லாத தொட்டியில் அப்படி இறந்தவை 2 வீதம் மட்டுமே.

"சேர், மீன் தொடவேயில்லையே, பிறகு ஏன் செத்தது?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

நல்ல கேள்வி. பயத்தில் தளர்ந்த உடல், வேறு வேளையில் தாங்கியிருக்கக்கூடிய நோய்க்கும் ஒட்டுண்ணிக்கும் இடங்கொடுத்துவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. பயம் உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை வெட்டுக்கிளியைக் கொண்டு இன்னும் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒஸ்வால்ட் ஷ்மிட்ஸ். 1997இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், சிலந்திகளின் வாயைப் பசையால் ஒட்டி வெட்டுக்கிளிகளிடையே விட்டிருந்தார்கள். கடிக்க முடியாத சிலந்தி. ஆனால் வெட்டுக்கிளிக்கு அது எப்படித் தெரியும்? விருப்பமான புல்லை விட்டுவிட்டு, ஒளிந்துகொள்ள வசதியான பூண்டுகளுக்கு அவை போயின.

2010இல் ட்ரோர் ஹவ்லேனாவுடன் அவர் செய்த ஆய்வு அடுத்த படி. பயந்த வெட்டுக்கிளியின் உடல் சும்மா இருக்கும்போதும் கூடுதலாக எரிகிறது. அதற்கு ஈடுகொடுக்க அது மாச்சத்தும் சர்க்கரையும் உள்ள உணவைத் தேடுகிறது. வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் பின்னுக்குப் போய்விடுகிறது. 2012இல் வெளிவந்த தொடர்ச்சி என்னை மிகவும் யோசிக்கவைத்தது. பயத்தோடு வாழ்ந்து செத்த வெட்டுக்கிளி உக்கிய மண்ணில், பின்னர் விழுந்த இலைகுழைகூட மெதுவாகவே உக்கியது. உயிர் போன பிறகும் அதன் பயம் மண்ணில் மிஞ்சி நின்றது.

அடுத்த தலைமுறைக்கும் அது போகும். எங்கள் தோட்டங்களில் பயற்றங்கொடியின் நுனியில் அப்பிக்கிடக்கும் அழுக்கணவன் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த இனத்தைச் சேர்ந்த, பட்டாணிக் கொடியில் வாழும் ஒரு வகையைப் பொறிவண்டோடு சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். தாய்க்குச் சிறகில்லை. ஆனால் அது ஈன்ற குஞ்சுகளில், வழமையைவிடக் கூடுதலானவை சிறகோடு வளர்ந்தன. ஓடித் தப்புவதற்கான ஆயத்தத்தோடு பிறந்த பிள்ளைகள்! இது 1999இல் வெளிவந்த ஆய்வு.

வலிகாமத்தில் போர்க்காலத்தில் வளர்ந்த என் வயதுக்காரருக்கு இவற்றை விளங்கிக்கொள்ளப் புத்தகம் வேண்டியதில்லை. பொம்மர் வந்து சுற்றும். பல நாள்கள் ஒன்றும் போடாமலே திரும்பிப் போய்விடும். ஆனாலும் பதுங்குகுழிக்குள் இருந்து ஏறி வந்தபின் சோறு இறங்காது. அம்மா ஒரு துண்டுப் பனங்கட்டியைக் கையில் திணித்துவிடுவார். பயந்த வெட்டுக்கிளி இனிப்பைத் தேடுகிறது என்று படித்தபோது எனக்கு அந்தப் பனங்கட்டிதான் நினைவுக்கு வந்தது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே வீடுகளை விட்டுப் புறப்பட்டபோது எங்கள் வீட்டில் ஒரு குண்டும் விழுந்திருக்கவில்லை. அந்த வயதில் நாங்கள் வளர்ந்திருக்க வேண்டிய வளர்த்தியில் எவ்வளவு குறைந்தது என்பதை யார் அளந்தார்கள்?

பிள்ளை பூச்சியல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஆசிரியர் அறையில் ஒரு நண்பர் அடிக்கடி சொல்லும் வார்த்தை, இந்த ஆய்வுகளைப் படித்தபின் என் காதில் வேறு விதமாக விழுகிறது. "நான் ஒருவரையும் அடிக்கிறதில்லை. பிரம்பு மேசையில சும்மா கிடக்கும், அவ்வளவுதான்" என்பார். உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலும் 2016இலும் சுற்றறிக்கை விட்டது. அவர் அதை மீறவில்லை. வகுப்பும் அமைதியாக இருக்கிறது. அந்த அமைதியைத்தான் அவர் சாட்சியாகக் காட்டுகிறார்.

அதே வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். மரத்தடியில் கேட்டால் ஏழாம் வாய்பாட்டைத் தடையில்லாமல் சொல்லுவான். வகுப்பறையில் எழும்பி நின்றால் அவன் கண் பலகைக்குப் போகாது, மேசைக்குப் போகும். தொண்டை வறண்டுவிடும். அவனை யாரும் தொட்டதில்லை. வெட்டுக்கிளி புல்லை விட்டுப் பூண்டுக்குப் போனதுபோல, அவன் கணக்கை விட்டு ஒளிப்பிடத்துக்குப் போய்விடுகிறான். அந்த வகுப்பின் அமைதியில் எவ்வளவு படிப்பு, எவ்வளவு பதுங்கல் என்று நண்பரைக் கேட்டேன். அவர் சிரித்தார். அடுத்த கிழமை பிரம்பை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டதாகச் சொன்னார்.

நல்லதுதான். ஆனால் அது அலுமாரிக்கு மேலே இருப்பது அந்தப் பையனுக்குத் தெரியும். தடுப்புக்கு அப்பால் மீன் இருப்பது குடம்பிக்குத் தெரிந்ததுபோல. பிரம்பைப் பாடசாலைக்கு வெளியே கொண்டுபோய்ப் போடும்படி அவரிடம் மறுபடியும் கேட்கத்தான் போகிறேன்.