தொண்டமான்: சாணக்கியமா, கண்மூடித் துணிச்சலா?

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம், தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானின் பேச்சை எடுத்தால் லயத்து (தொழிலாளர் வரிசைவீட்டு) வாசலில் இன்றைக்கும் இரண்டு கட்சி பிரிந்துவிடும். மூத்தவர்களுக்கு அவர் ‘ஐயா’. இளையவர்கள் கணக்குக் கேட்கிறார்கள்.

1976இல் தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர்களில் ஒருவராக இருந்தவர், தனிநாட்டுக் கோரிக்கையில் சேராமல் விலகினார். 1978இல் ஜே.ஆர். ஜெயவர்தனவின் அமைச்சரவைக்குள் போனார். துரோகம் என்றார்கள் பலர்.

ஆனால் 1986 தைப்பொங்கலைப் பாருங்கள். அமைச்சராக இருந்துகொண்டே, நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கேட்டுத் தன் அரசுக்கு எதிராகத் தோட்டமெங்கும் பிரார்த்தனைப் போராட்டம் அறிவித்தார். பெரட்டுக்களத்தில் பேர் பதிய வேண்டிய காலை நேரத்தில் கொழுந்துக் கூடைகள் இறங்கவில்லை. ஆட்கள் சாமி கும்பிட்டார்கள். 1983 இனக்கலவரத்தின் தீ ஆறாத நேரம். ஒரு கல் பறந்திருந்தாலும் அடி வாங்குவது லயத்துச் சனம்தான். அந்த அபாயம் மெய்யானது.

இருந்தும் அது குருட்டுத் துணிச்சல் அல்ல. இந்திய-இலங்கை ஒப்பந்தங்களின்படி 6,00,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். விண்ணப்பித்தவர்களோ சுமார் 5,06,000. மிஞ்சிய 94,000 பேர் நாடற்றவர்கள். கும்பிடுகிறவனை அடித்தால் கொழும்புக்குத்தான் அவமானம், வேலை நின்றால் தேயிலை வருமானம் போகும் என்று அவருக்குத் தெரியும். சில நாட்களிலேயே அரசு இறங்கிவந்து குடியுரிமைக்குச் சம்மதித்தது. இதைச் சாணக்கியம் என்றே சொல்ல வேண்டும்.

வீட்டு விஷயம் வேறு. அத்தனை ஆண்டு அமைச்சராக இருந்தும் பெரும்பாலானோர் லயத்துக் காம்பராவிலேயே கிடந்தார்கள். அவர் ஏன் காணிக்கும் வீட்டுக்கும் அதே பிடிவாதத்தோடு மலையகத்து வேலையை நிறுத்தவில்லை என்று பேரப்பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வி.