ஒயர் பார்க்க ஒண்ணாத்தான் இருந்துச்சு!

2017-ல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர் எங்க தாத்தா. வீட்டில் யார் பிளக்கைத் தொட்டாலும் "சுவிட்ச அணைச்சியா?" என்பார். அன்றைக்கும் அணைத்துவிட்டுத்தான் அண்ணன் கம்ப்யூட்டரைத் திறந்தான். ஆனாலும் ஹார்டு டிஸ்க் போச்சு.

பழைய எஸ்.எம்.பி.எஸ். கெட்டுப்போனதால் ரிச்சி தெருவுக்குப் போய் வேறு கம்பெனி எஸ்.எம்.பி.எஸ். வாங்கி வந்தோம். ஒயர்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை. பெட்டிக்குள் பழைய ஒயர்களை அண்ணன் முன்பே அழகாகக் கட்டி வைத்திருந்தான். "அதையே மாட்டுண்ணா, சரியா உக்காருது பாரு" என்று சொன்னது நான்தான்.

சுவிட்சைப் போட்டதும் தீய்ந்த வாசனை. அக்கா கல்யாண போட்டோ எல்லாம் அதில்தான் இருந்தது.

நண்பர்களே, அந்த ஒயரின் ஹார்டு டிஸ்க் பக்க முனை எல்லா கம்பெனிக்கும் ஒன்றுதான். எஸ்.எம்.பி.எஸ். பக்க முனைக்கு அப்படிப் பொது விதி கிடையாது. எந்த ஓட்டையில் 12 வோல்ட், எதில் 5 வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் போகிற இடத்தில் 12 வோல்ட் போனால் தாங்குமா? அந்தந்தப் பெட்டியோடு வந்த ஒயரைத்தான் மாட்டணும்.

சுவரிலிருந்து வரும் கறுப்பு ஒயரை மட்டும் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று முனையில் போட்டிருக்கணும், தடித்த எர்த் பின் இருக்கணும். காத்திவாக்கத்து உப்புக்காத்தில் பின் பச்சை பிடித்திருந்தால் தூக்கிப் போட்டுடுங்க, சூடேறும்.

அக்காவிடம் திட்டு வாங்கியது அண்ணன். மாட்டச் சொன்னது யார் என்று அவன் இன்னும் காட்டிக் கொடுக்கவில்லை.

– பத்தாம் வகுப்பு மாணவன்